'மாஷ்' எட்டாவது சீசன்: ரேடார் போன பிறகு முகாமில் இருந்தவர்கள்

வேளிமலை:

கொரியப் போர்முனைக்குப் பக்கத்தில் ஒரு கூடார ஆஸ்பத்திரி. குண்டடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்குவார்கள், டாக்டர்கள் தைத்து அனுப்புவார்கள், நடுவில் கிடைக்கிற நேரத்தில் புத்தி பேதலிக்காமல் இருப்பதற்காகச் சிரிப்பார்கள். 'மாஷ்' என்கிற அமெரிக்க டிவி தொடர் இவ்வளவுதான். 1972-இல் ஆரம்பித்து 1983 வரை 11 சீசன் ஓடியது. மூன்று வருடம் நடந்த போருக்குப் பதினோரு வருடத் தொடர். நம்மில் பலர் இதைக் கேபிள் வந்த புதிதில் துண்டு துண்டாகப் பார்த்தவர்கள். இந்த ஐப்பசி மழையில் நான் எட்டாவது சீசனை மட்டும் எடுத்து, 25 எபிசோடையும் வரிசை மாறாமல் பார்த்து முடித்தேன்.

எங்கே கேட்டாலும் ஒரே பேச்சு: "ரேடார் போனதும் தொடர் போச்சு." ரேடார் என்பது முகாமின் குமாஸ்தாப் பையன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரேடார் போனதால்தான் இந்த சீசனுக்கு ஒரு பொருள் கிடைத்தது என்று நினைக்கிறேன். விளக்கமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இது 1979 செப்டம்பரில் தொடங்கி 1980 மார்ச்சில் முடிந்த சீசன். பழைய முகங்களில் பாதி அதற்கு முன்பே போயாகிவிட்டது. மூன்றாவது சீசனோடு முகாமின் தலைவர் கர்னல் பிளேக்கும் டாக்டர் டிராப்பரும், ஐந்தாவதோடு இன்னொரு டாக்டர் ஃபிராங்க் பர்ன்ஸும். மிச்சம் இருந்தவர்களில் ஊர் முழுக்கச் செல்லப்பிள்ளை ரேடார்தான். ஹெலிகாப்டர் வருகிற சத்தம் மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே அவனுக்குக் கேட்கும், கர்னல் வாயைத் திறப்பதற்குள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசையில் இருக்கும். அவனாக நடித்த கேரி பர்காஃப் 1970-இல் வந்த திரைப்படத்திலும் அதே வேடத்தில் நடித்தவர்.

'குட்பை ரேடார்' இரண்டு பாகம். ஊரில் மாமா இறந்துபோகிறார். பண்ணையைப் பார்க்க ஆள் இல்லாததால் ரேடாருக்கு வீட்டுக்குப் போக உத்தரவு வருகிறது. முகாமிலோ ஜெனரேட்டர் கெட்டு எல்லாம் இருட்டில் கிடக்கிறது. நான் போய்விட்டால் இவர்களை யார் பார்ப்பது என்று அவன் போகவே தயங்குகிறான். ஒருவழியாக மனம் ஒப்பி, சாப்பாட்டுக் கூடாரத்தில் வழியனுப்பு விருந்தும் ஏற்பாடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காயம்பட்டவர்கள் வந்து இறங்குகிறார்கள். எல்லோரும் ஓடுகிறார்கள். ரேடார் ஆபரேஷன் அறை வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கிறான். உள்ளே வேலையில் இருக்கும் தொடரின் நாயகன் டாக்டர் ஹாக்கை நிமிர்ந்து ஒரு சல்யூட் வைக்கிறான். வழியனுப்பு அவ்வளவுதான். பிறகு ஹாக்கை தன் கூடாரத்துக்கு வந்தால் கட்டிலில் ரேடாரின் கரடி பொம்மை இருக்கிறது.

இதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அடுத்த எபிசோடைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் 'பீரியட் ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்'.

ரேடார் ஊருக்குப் போகிற வழியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் முகாமின் இன்னொரு டாக்டரான பி.ஜே.யின் மனைவியையும் சின்ன மகளையும் பார்க்கிறான். மனைவி சந்தோஷமாகக் கடிதம் எழுதுகிறாள்: ராணுவ உடுப்பில் வந்த ரேடாரைப் பார்த்ததும் குழந்தை ஓடிப்போய் 'அப்பா' என்று கூப்பிட்டுவிட்டதாம். பி.ஜே. அதைப் படிக்கிறான். முகாமிலேயே நிதானமானவன், சாது, அவன்தான். அன்றைக்கு மூக்கு முட்டக் குடித்துவிட்டு, கூடாரத்தில் ஆசை ஆசையாய் வைத்திருந்த சாராயம் காய்ச்சும் சாதனத்தை அடித்து நொறுக்குகிறான், தடுக்க வந்த ஹாக்கையின் முகத்தில் குத்துகிறான். அப்புறம் அழுகிறான். தன் மகள் முதன்முதலாக 'அப்பா' என்று கூப்பிட்டு ஓடியது வேறொருவனிடம், அந்த ஒருவனும் தனக்குப் பிடித்த பையன் என்பதுதான் அவனைப் போட்டு வதைக்கிறது.

நான் இதைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் பிறந்து எட்டு மாதத்தில் என் அப்பா மஸ்கட் போனார். முதல் லீவுக்கு வந்தபோது எனக்கு மூன்று வயது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஒரு ஜீப் பிடித்துக் குடும்பமே போயிருக்கிறது. "பெட்டி தள்ளிக்கொண்டு அப்பா வருவார், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்" என்று வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன். ட்ராலியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு முதலில் வந்தவரின் காலைக் கட்டிக்கொண்டேன். அப்பா அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஏன் போகிறார் என்று இந்த எபிசோடைப் பார்க்கும் வரை நான் யோசித்ததில்லை.

என் கட்சி இதுதான். போனவனைப் பற்றிக் கதை எடுப்பது சுலபம். அவன் போன மறுநாள் இங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு சீசன் முழுக்கப் பொறுமையாகக் காட்டிய சிரிப்புத் தொடர் வேறொன்றை நான் பார்த்ததில்லை. மற்றவர்களும் சொல்லுங்கள்.


பார்வதிபுரம்காரன்:

நல்லா எழுதியிருக்கிறாய் தம்பி. ஏர்போர்ட் கதையைப் படித்துவிட்டு எதிர்வாதம் பேச மனசு வரவில்லை. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும், தொடர் மேல் எனக்கும் உனக்கு இருக்கிற அளவு பிரியம் உண்டு.

எனக்கு 'மாஷ்' என்றால் முதல் நான்கு சீசன். தொடரை எழுதி உருவாக்கிய லாரி கெல்பார்ட் இருந்த காலம். அவர் நான்காவதோடு விலகினார். அவர் எழுத்தில் ஒரு வேகம் உண்டு, ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். துக்கம் வந்தாலும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. மூன்றாவது சீசன் கடைசியில் கர்னல் பிளேக் வீட்டுக்குப் புறப்படுகிறார், எல்லோரும் சிரித்து அனுப்புகிறார்கள், பிறகு ஆபரேஷன் நடக்கும்போது ரேடார் உள்ளே வந்து விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று வாசிக்கிறான். முடிந்தது. அழு என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை.

எட்டாவது சீசனில் ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது ஒருவர் கடைசி ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்து மனம் திறந்து பேசிவிடுகிறார்கள். ஹாக்கை பழைய ஹாக்கை இல்லை. முன்னே குறும்பன், இப்போது நியாயம் பேசுகிறவன். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வாரமும் அவன் பக்கமே நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, ரேடார். முதல் சீசனில் அவன் சின்னப் பையன் கிடையாது. கர்னலின் பிராந்தியைக் குடிப்பான், சுருட்டுப் பிடிப்பான், எல்லாத் தில்லுமுல்லுக்கும் உடந்தை. போகப் போக அவனைக் குழந்தையாக்கிவிட்டார்கள். எட்டாவதில் விடைபெறுகிற ரேடார் நான் முதலில் பார்த்த ரேடார் இல்லை. அந்தப் பொம்மைக்கு எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு அந்தப் பிராந்தி குடித்த பையனை எப்போது தொலைத்தார்கள் என்றுதான் வருத்தம்.


குளச்சல் துறை:

வேளிமலை அண்ணா, நீங்கள் சிரிப்புச் சத்தத்தோடு பார்த்தீர்களா, இல்லாமல் பார்த்தீர்களா? எட்டாவது சீசனுக்கு இது ரொம்ப முக்கியம்.

தெரியாதவர்களுக்காக: அந்தச் சிரிப்பு பிறகு ஒட்டியது. தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் வேண்டும் என்று நின்றது, எடுத்தவர்களுக்கு விருப்பமில்லை. கடைசியில் ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கூடாது என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பிரிட்டனில் பிபிசி சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது. டிவிடியில் சிரிப்பை அணைத்துவிட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

நான் இரண்டு விதமாகவும் பார்த்தேன். முதல் இரண்டு சீசனைச் சிரிப்பு இல்லாமல் பார்த்தால் இடைவெளி விழுகிறது, நடிகர்கள் எதற்கோ காத்து நிற்பது போலத் தெரிகிறது. எட்டாவதில் அப்படி இல்லை. சிரிப்பை எடுத்த பிறகுதான் அது சரியாக நிற்கிறது. அதை எழுதும்போதே சிரிப்பை மனதில் வைத்து எழுதவில்லை என்று படுகிறது. பார்வதிபுரம் அண்ணன் ஒருமுறை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.


நெய்யூர் சிஸ்டர்:

34 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். ஓய்வு பெற்றாகிவிட்டது. இந்த சீசனில் 'லைஃப் டைம்' எபிசோடைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

ஒரு பையனுக்குப் பெருந்தமனி கிழிந்திருக்கிறது. ஹாக்கை கையை உள்ளே விட்டு ரத்தத்தை அழுத்திப் பிடித்துவிட்டான். பிடித்த நிமிடத்திலிருந்து கணக்கு. அதற்குக் கீழே ரத்தம் போகாது, தண்டுவடத்துக்கும் போகாது. 20 நிமிடம் தாண்டினால் கால் இரண்டும் விழுந்துவிடலாம். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கதையில் ஓடுகிற நேரமும் நாம் பார்க்கிற நேரமும் ஒன்று. எழுதியவர்கள் ஹாக்கையாக நடித்த ஆலன் ஆல்டாவும் தொடரின் மருத்துவ ஆலோசகரான டாக்டர் வால்டர் டிஷெலும். டாக்டர் கைபட்டிருப்பது தெரிகிறது.

இந்தக் கணக்கு சரியான கணக்கு. தமனியைக் கவ்விப் பிடித்தால் தண்டுவடம் எவ்வளவு தாங்கும் என்பது இன்றைக்கும் ஆபரேஷன் செய்கிறவர்களின் பயம்தான். இன்னொரு தகவலும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் கையிலோ காலிலோ பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் கட்டி மூடிவிடுவார்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கால் போய்விடும். கொரியாவில்தான் குழாயைத் தைத்துச் சேர்க்கிற வேலை பரவலானது. அங்கே அது நூற்றுக்குப் பதின்மூன்று என்ற அளவுக்கு இறங்கியது. இன்று ஆரல்வாய்மொழி ரோட்டில் லாரியில் அடிபட்டு வருகிற பையனுக்குக் கால் மிஞ்சுகிறதென்றால் அந்தக் கூடாரங்களில் கற்ற பாடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் என்னை உலுக்கியது கடிகாரம் அல்ல. தைப்பதற்கு ஒரு துண்டுத் தமனி வேண்டும், அது தலையில் அடிபட்டுச் சாகக் கிடக்கிற இன்னொரு பையனிடம்தான் இருக்கிறது. அவன் சாகும் வரை பி.ஜே. பக்கத்தில் காத்து நிற்க வேண்டும். செத்துக்கொண்டிருப்பவனின் நண்பன் வேறு அங்கேயே நிற்கிறான், ஏன் இவனைக் கவனிக்கவில்லை என்று கேட்கிறான். ஒருவன் சீக்கிரம் போக வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது, ஆனால் தெரியும். எத்தனையோ சினிமாவில் ஆஸ்பத்திரி பார்த்திருக்கிறேன், இதைக் காட்டியவர்கள் இவர்கள்தான்.

சிரிப்பு குறைந்துவிட்டது என்று பார்வதிபுரம் தம்பி சொல்கிறார். தியேட்டரில் எட்டு மணிநேரம் நின்று பாருங்கள் தம்பி. முதல் மணிநேரம் எல்லோரும் ஜோக் அடிப்போம். ஐந்தாவது மணிநேரம் பேச்சே இருக்காது. எட்டாவதில் யாராவது ஒருவர் தன் வீட்டுக் கதையைத் தானாகவே சொல்ல ஆரம்பிப்பார். தொடரும் அப்படித்தான் போயிருக்கிறது.


குழித்துறை ஆறு:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் ராணுவ விஷயம் ஒன்று இருக்கிறது. நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன். லக்னோவில் பயிற்சி, பிறகு பல இடம்.

கொரியாவுக்கு நம் ஆட்களும் போயிருக்கிறார்கள். 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்கிற ராணுவ மருத்துவப் பிரிவு. 1950 நவம்பரில் போய் இறங்கி மூன்று வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். தலைமை தாங்கிப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், தமிழர். இந்தியாவில் முதன்முதல் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்க வான்குடைப் படை குதித்தபோது இவரும் தன் ஆட்களோடு கூடவே குதித்து, இறங்கிய இடத்திலேயே காயம்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார். மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். இந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த மலைக்கு அந்தப் பக்கம் நம் ஆள் ஒருவர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பயிற்சியின்போது அவர் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இப்போது வேளிமலை சொன்ன எபிசோடுக்கு வருகிறேன். பி.ஜே. கதையைச் சொன்னார், க்ளிங்கர் கதையை விட்டுவிட்டார். அதே எபிசோடில் பாதி க்ளிங்கருடையது. ஏழு சீசன் பெண் உடுப்புப் போட்டுக்கொண்டு, பைத்தியம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நின்றவன் அவன். ரேடார் போனதும் அவனைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். ஒரு தாளும் கைக்கு வரவில்லை. எல்லோரும் ரேடார் இருந்தால் இப்படி நடக்குமா என்கிறார்கள். பிளேக்குக்குப் பிறகு தலைவராக வந்த கர்னல் பாட்டர்கூடக் கத்திவிடுகிறார். பி.ஜே.யும் க்ளிங்கரும் சேர்ந்து உட்கார்ந்து குடிப்பது ஏன் என்றால், இரண்டு பேருக்கும் அடிபட்டது ஒரே ஆளால். ஒருவனிடமிருந்து மகளின் முதல் சொல் போயிற்று, இன்னொருவனுக்கு அந்த ஆளின் நாற்காலி பெரிதாக இருக்கிறது.

எங்கள் யூனிட்டில் ஹெட் கிளார்க் மாற்றலாகிப் போனார். நல்ல மனிதர். அடுத்து வந்தவர் பாவம், மூன்று மாதம் தூங்கவில்லை. என் லீவு பேப்பர் எங்கேயோ மாட்டிக்கொண்டு என் தங்கை கல்யாணத்துக்கு நான் ஒரு நாள் பிந்தித்தான் வந்தேன். அன்றைக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். பிறகு அவரும் பழகி, போகும்போது எல்லோரையும் அழவைத்துவிட்டுத்தான் போனார். க்ளிங்கரும் அப்படித்தான் தேறுகிறான். அதை ஒரே எபிசோடில் முடிக்காமல் சீசன் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியிருப்பது எனக்குப் பிடித்தது.


பார்வதிபுரம்காரன்:

குழித்துறை அண்ணே, க்ளிங்கரைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. சிரிப்புக்காகவே வைத்த ஆள், கவுனைக் கழற்றிவிட்டால் என்ன மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபிராங்க் பர்ன்ஸ் இடத்துக்கு வந்த டாக்டர் சார்லஸ் விஷயத்தில் நான் முன்பே தோற்றுவிட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஃபிராங்க் பர்ன்ஸை வைத்துச் சிரிக்கலாம், அவ்வளவுதான், ஆள் எப்போதும் ஒரே மாதிரி. டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் நடித்த சார்லஸ் அப்படி இல்லை. பணக்காரத் திமிர் பிடித்தவன், ஆனால் கையில் வேலை இருக்கிறது. 'மொரேல் விக்டரி' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சிப்பாயின் காலைக் காப்பாற்றிவிட்டுப் பெருமையாக வந்து நிற்கிறான். சிப்பாயோ பியானோ கலைஞன், வலது கையில் பட்ட சிறிய காயத்தால் விரல் இனிமேல் பழையபடி வராது. கால் யாருக்கு வேண்டும் என்கிறான். சார்லஸ் தேடிப் பிடித்து, இடது கைக்கு மட்டும் ராவெல் எழுதிய கான்செர்ட்டோவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கிறான். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த விட்கென்ஸ்டைன் என்ற பியானோக்காரருக்காக எழுதப்பட்டது அது. சார்லஸுக்கும் பியானோ வாசிக்கத் தெரியும், ஆனால் தன்னிடம் இருப்பது பயிற்சி, அவனிடம் இருப்பது வரம் என்பது அவனுக்கே தெரியும். அதை அவன் வாயால் சொல்கிற இடம் பெரிய இடம். இதைப் போதனை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஹாக்கை பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.


மார்த்தாண்டம் தேன்:

இத்தனை பேரும் அப்பா பக்கம் பேசிவிட்டீர்கள். கடிதம் எழுதிய பெக் பக்கம் நான் பேசுகிறேன்.

அவளை நமக்குப் பெரும்பாலும் கடிதத்தில்தான் தெரியும். இந்த சீசனில் 'ட்ரீம்ஸ்' எபிசோடில் பி.ஜே.யின் கனவில் வருகிறாள், இரண்டு பேரும் நடனம் ஆடுகிறார்கள், அதுவும் ஆபரேஷன் அறையில் போய் முடிகிறது. அந்தக் கடிதத்தை அவள் எப்படி எழுதியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். தனியாகக் குழந்தையை வளர்க்கிறாள். முகாமிலிருந்து ஒரு ஆள் வருகிறான், புருஷனை நேற்று வரை பார்த்துக்கொண்டிருந்த ஆள். அவனைப் பார்ப்பதே அவளுக்குத் திருவிழா. குழந்தை அப்பா என்று கூப்பிட்டது அவளுக்கு வேடிக்கை, சந்தோஷம், பகிர்ந்துகொள்ள வேண்டிய சேதி. அது அந்தப் பக்கம் போய்க் குத்தும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரர் குவைத்தில். தினமும் ராத்திரி வீடியோவில் பேசுகிறார். மகனுக்கு அப்பா முகம் நன்றாகத் தெரியும், அந்தக் காலம் மாதிரி இல்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். போன வருடம் வந்தபோது பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு என் காதில் வந்து சொன்னான், "போனில் அப்பா சின்னதாக இருப்பாரே" என்று. நான் சிரித்துவிட்டேன். அவர் என்ன என்று கேட்டார், நானும் அப்படியே சொல்லிவிட்டேன். முகம் மாறிப்போனது. வேளிமலை, உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார் என்று எழுதியிருந்தீர்களே. அம்மா மேல் குறை வைக்காதீர்கள். எங்களுக்கு அந்தக் கதையைச் சிரிக்காமல் சொல்ல வராது.

தொடரில் எனக்கு ஒரு குறை இதுதான். ஒரே ஒரு எபிசோடாவது பெக்கின் வீட்டுக்குள் இருந்து காட்டியிருக்கலாம்.


வேளிமலை:

மார்த்தாண்டம் தேன், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மரச்சீனி அவிக்கப் போய்விட்டார். நான் அம்மாவைக் குறை சொல்வது போல எழுதியிருந்தால் மன்னியுங்கள். நீங்கள் சொன்ன பக்கத்தை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

பார்வதிபுரம் அண்ணா, ஹாக்கை விஷயத்தில் பாதி உங்களோடு உடன்படுகிறேன். 'எஸ்ஸர், தட்ஸ் அவர் பேபி' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த கொரியக் குழந்தையை யாரோ முகாம் வாசலில் விட்டுப் போய்விடுகிறார்கள். செஞ்சிலுவைச் சங்கம், கொரிய அரசு, அமெரிக்கத் தூதரகம் என்று அலைகிறார்கள், எல்லா இடத்திலும் கை விரிக்கிறார்கள். அங்கெல்லாம் ஹாக்கை பேசுகிற பேச்சு கொஞ்சம் மேடைப்பேச்சுதான். ஆனால் கடைசியில் ராத்திரியில் ஒரு மடத்து வாசலில் குழந்தையை வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு நிற்கிறார்கள் பாருங்கள், அங்கே ஹாக்கையிடம் பேச்சு இல்லை. அவ்வளவு பேசியவன் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பதற்காகத்தான் அவனை அவ்வளவு பேச விட்டார்களோ என்று தோன்றுகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம், ஒரு ராணுவத் தொடர், அரை மணிநேரம்தான், பார்க்கிறீர்களா என்று கேட்டேன். சரி என்றார். 'பீரியட் ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்' போட்டேன், குளச்சல் தம்பி சொன்னபடி சிரிப்பை அணைத்துவிட்டு. அப்பாவுக்கு அந்த வேகத்தில் ஆங்கிலம் பிடிக்காது, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கடிதம் வருகிற இடம் வந்தபோது என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. பி.ஜே. உடைக்கிறான், குத்துகிறான், அழுகிறான். அப்பா எழுந்து போகவில்லை. கடைசி வரை இருந்தார்.

முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார். "ஊருக்குப் போனபிறகு அந்தக் குட்டி இவனைத் தெரிஞ்சுகிட்டுதா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. 1983 பிப்ரவரி 28-இல் வந்த அந்தக் கடைசி இரண்டரை மணிநேர எபிசோடை 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள் என்பார்கள். அதில் பி.ஜே. மகளின் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒருமுறை புறப்பட்டுக் குவாம் வரை போய்த் திரும்ப வேண்டியதாகிறது. பிறகு போர் முடிகிறது, போகிறான். ஹெலிகாப்டரில் ஏறுகிற ஹாக்கைக்குத் தெரியும்படி கற்களால் 'குட்பை' என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறான். வீட்டு வாசலைக் காட்டுவதில்லை.

"அதைக் காட்டலைப்பா" என்றேன்.

"ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார் அப்பா. "நீ நாலாவது நாள் வந்து பக்கத்துல படுத்த."


நெய்யூர் சிஸ்டர்:

தம்பி, இதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பாவுக்கு அடுத்த ஞாயிறு 'ஓல்ட் சோல்ஜர்ஸ்' போட்டுக் காட்டு. கர்னல் பாட்டர் முதல் உலகப் போரில் கூட இருந்த நான்கு நண்பர்களில் கடைசி ஆளும் இறந்துபோய், எல்லோரும் சேர்ந்து எடுத்துவைத்த ஒரு பாட்டில் இவருக்கு வந்து சேர்கிறது. கடைசியாக உயிரோடு இருப்பவர்தான் அதைத் திறக்க வேண்டும். தனியாகக் குடிக்காமல் முகாம் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். பாட்டராக நடித்த ஹாரி மார்கனுக்கு அந்த வருடம் எம்மி விருது கிடைத்தது, தலைமை நர்ஸ் மார்கரெட்டாக நடித்த லொரெட்டா ஸ்விட்டுக்கும் கிடைத்தது. ஆங்கிலம் அதிகம் வேண்டியதில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.


குழித்துறை ஆறு:

அப்பா மஸ்கட்டில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார் என்று கேட்டுச் சொல் தம்பி. என் மச்சினன் ரூவியில் இருந்தான். கூட வேலை பார்த்த தக்கலைக்காரர் ஒருவரைப் பற்றி இன்றைக்கும் பேசுவான்.


வேளிமலை:

கேட்டேன் அண்ணே. 1979 முதல் 96 வரை. ரூவிதான். மச்சினன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அப்பா பேச வேண்டும் என்கிறார்.